அதுக்கெல்லாம் நேரம் இருக்கு

"கையைக் காட்டு."

கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பொதுக் குழாயடியில் நின்றுகொண்டு சபாபதி மகனைப் பார்த்துச் சொன்னார். பதினெட்டு வயது வாசு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"காட்டுடா."

காட்டினான். உள்ளங்கை முழுக்கக் கரி. நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"மறுபடியும் அந்த பாய் கொட்டகைக்குப் போயிருக்க."

"கிள்ளான் போற லோரி நின்னு போச்சுப்பா. கரி ஈரமா இருந்துச்சு, அதான் பத்தல. நான் வேற கரி போட்டு, காத்தாடியச் சுத்தி விட்டேன். உடனே புடிச்சுக்கிச்சு! பாய்கூட..."

சொல்லும்போதே வாசுவின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடியைக்கூட வாங்கிக்கொண்டு விடலாம் என்கிற மாதிரியான சிரிப்பு. சபாபதிக்கு அந்தக் கரியைவிட அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. அத்தனை பேர் பார்க்கப் பளாரென்று ஓர் அறை விட்டார்.

"கரி அள்ளவாடா உன்ன சீனியர் வரைக்கும் படிக்க வெச்சேன்? கிராணி மகன்டா நீ!"

"சும்மாதானப்பா இருக்கேன். கொஞ்ச நாளு லோரி வேலை கத்துக்கிறேனே."

"அதுக்கெல்லாம் நேரம் இருக்கு. மொதல்ல கையக் கழுவு."

வாசு கையைக் கழுவினான். சோப்பு கிடைக்காத காலம். மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கை வெள்ளையாகும் வரை அப்பா பக்கத்திலேயே நின்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று அது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அரிசி இல்லை, துணி இல்லை, பெட்ரோல் இல்லை. லோரிகளுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதற்குள் கரியைப் போட்டு, காத்தாடியால் ஊதி எரித்து, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு ஓட்டினார்கள். அப்படி இரண்டு லோரி வைத்திருந்தார் ஜெய்னுதீன். சண்டைக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். விற்கத் துணி இல்லை என்றதும் தலையில் கை வைத்து உட்காராமல், கடைக்குப் பின்னால் கொட்டகை போட்டு லோரித் தொழிலில் இறங்கிவிட்டார். காப்பாரிலிருந்து கருவாடு, ஜெஞ்சாரோம் பக்கத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கு என்று ஏற்றி வருவார். பாதிக்கு மேல் ஜப்பான் ராணுவத்துக்குப் போகும்.

உலகமே தலைகீழாகிக் கிடந்தது. ஆனால் ரயில்வே குவார்ட்டர்ஸில் மட்டும் எதுவும் மாறவில்லை. அங்கே பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே அவன் உத்தியோகம் பிறந்துவிடும். அப்பா ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி என்றால் மகனும் கிராணி. பையன் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான சீனியரைப் பாஸ் செய்ததும் அவனுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழத்தை அடுக்கி, அப்பா அவனைத் துரை பங்களாவுக்குக் கூட்டிப் போவார். துரை பழத்தை வாங்கிக்கொள்வார். பையன் ஆபீசில் போய் உட்காருவான். உனக்கு என்னடா பிடிக்கும் என்று அந்தப் பையனிடம் எந்தத் தகப்பனும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. கல்யாணத்துக்குப் பெண்ணிடம் சம்மதம் கேட்காத அதே மனுஷர்கள்தானே, வேலைக்கு மட்டும் பிள்ளையிடமா கேட்கப்போகிறார்கள்!

வாசு சின்னவனாக இருந்தபோதே கேட்டிருக்கிறான். செந்தூல் ரயில் பட்டறையில் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறார்களாமே, ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள் என்று. "அதுக்கெல்லாம் நேரம் இருக்கு, பாடத்தப் படி" என்றார் சபாபதி. பிறகு மோட்டார் வேலை சொல்லித் தருகிற பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டான். "அதுக்கெல்லாம் நேரம் இருக்கு, சீனியர் எழுது" என்றார். எழுதினான். சீமையிலிருந்து பரீட்சை முடிவு வருவதற்குள் ஜப்பான்காரன் சைக்கிளில் வந்துவிட்டான். துரையைச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆரஞ்சுப் பழத்துக்கும் வழியில்லை.

அதற்குப் பிறகும் சபாபதி அசையவில்லை. "வெள்ளக்காரன் திரும்பி வருவான். வந்ததும் இவன் எடம் இவனுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருடைய அப்பா கிள்ளான் ரயில் பாதைக்குச் சல்லி கொட்டிய கூலி. முதுகில் வெயில் ஏறியே செத்தார். அந்த வெயிலிலிருந்து நிழலுக்கு வர ஒரு தலைமுறை ஆகியிருந்தது. மகன் கையில் கறுப்பைப் பார்த்தால் அந்த வெயில் திரும்பி வந்துவிடும் என்று அவர் பயந்தது உண்மை. ஆனால் பயம் பெற்றவனுக்கு இருக்கலாம். அந்தப் பயத்தைப் பிள்ளையின் கழுத்தில் கட்டித் தொங்கவிட அவனுக்கு உரிமை கிடையாது.

பெட்டிக்குள் ஒரு வெள்ளைக் கோட்டு இருந்தது. சண்டைக்கு முன்னாலேயே தைத்தது. பையன் வளர்வான் என்று கையையும் நீளத்தையும் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லியிருந்தார் சபாபதி. துணிக்குப் பஞ்சம் வந்து, பதினாலு வயது மகள் சீதாலெட்சுமி மாவுச் சாக்கில் தைத்த பாவாடையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி இராஜம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கோட்டப் பிரிச்சா புள்ளைக்கு ரெண்டு சட்டை ஆகுமேங்க."

"அதுல கைய வெச்ச, நடக்குறதே வேற."

மாவுச் சாக்கு உரசி மகளுக்கு இடுப்பெல்லாம் புண். கோட்டு பாச்சா உருண்டையோடு பத்திரமாக இருந்தது.

அறை விழுந்து சில நாள் கழித்து ஜெய்னுதீனே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லாததால் வாசல்படியிலேயே நின்று பேசினார்.

"கிராணியாரே, கோவப்படாம கேளுங்க. ரோட்டுல சும்மா நிக்கிற பசங்கள ஜப்பான்காரன் புடிச்சு சயாமுக்கு அனுப்புறான். காட்டுல புதுசா ரயில் பாதை போடுறானாம். போனவன் ஒருத்தனும் திரும்பல."

"என் மகன் ஏன் ரோட்டுல நிக்கிறான்? வீட்டுலதான இருக்கான்."

"வீடு வீடா ஆளு கேப்பான். வேலை இல்லாத பயலா பாத்துத்தான் கேப்பான்." ஜெய்னுதீன் சட்டைப் பையிலிருந்து ஒரு துணிப்பட்டையை எடுத்தார். அதில் ஜப்பான் எழுத்தும் சிவப்பு முத்திரையும் இருந்தன. "ராணுவத்துக்குச் சாமான் ஏத்துற லோரி ஆளுக்கு இதக் குடுக்குறான். கையில கட்டிக்கிட்டா எவனும் தொட மாட்டான். எனக்கு ஒரு ஆளு வேணும். உங்க பையனுக்கு எஞ்சின்னா உசுரு. கூலி குடுத்து, சோறு போட்டு, வேலையும் கத்துக் குடுத்துர்றேன். என்ன சொல்றீங்க?"

கதவுக்குப் பின்னால் வாசு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாய், உங்க நல்ல மனசு தெரியுது. ஆனா அவன் ரயில்வேக்குப் போற பையன். இன்னிக்கு லோரியில கரி போட்டான்னா, நாளைக்கு ஆபீஸ்ல எவன் மதிப்பான்?"

"ஆபீஸ் எங்க இருக்கு கிராணியாரே, இப்ப?"

"வரும். எல்லாத்துக்கும் நேரம் இருக்கு."

ஜெய்னுதீன் பட்டையை மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அடுத்த வாரம் அது வேறொரு வீட்டுப் பையன் கையில் இருந்தது. வாசு இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டான். அப்பாவை எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று குவார்ட்டர்ஸ் முழுக்க அவனுக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயரை நெருப்பில்தான் போட வேண்டும்!

பாய் சொன்னபடியே ஆயிற்று. கன்னையா வந்தான். முன்பு சபாபதியின் ஆபீசில் அவருக்குக் கீழே இருந்தவன்; இப்போது ஜப்பான்காரனுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிற ஏஜெண்டு. பல் தெரியச் சிரித்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சபாபதி அண்ணே, இந்த லைன்ல வேலை இல்லாத பசங்க நாலு பேரு குடுத்தாகணும். உத்தரவு."

"என் மகன் கூலிக்குப் போறவன் இல்ல கன்னையா."

"சே சே, நம்ம தம்பியக் கூலிக்கு அனுப்புவேனாண்ணே? அங்க பாதை போட ஆயிரக்கணக்குல ஆளு இருக்கு. அவங்களுக்குக் கணக்கு எழுத, சாமான் குடுக்க, இங்கிலீஷ் தெரிஞ்ச கிராணி வேணாமா? தம்பியக் கிராணியாப் போடச் சொல்லிர்றேன். மூணே மாசம்."

சபாபதியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை இராஜம்மா அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

"ரயில்வே சர்வீஸ்னு கணக்கு வருமா?" என்று கேட்டார் சபாபதி.

"வராம? ரயில்வே ரயில்வேதானண்ணே. திரும்பி வந்தா உங்க ஆபீஸ்லயே மேசை ரெடி."

வெள்ளைக்காரனுக்காகக் காத்திருந்த உத்தியோகம் ஜப்பான்காரன் கையால் வீடு தேடி வந்துவிட்டதாக நினைத்தார் மனுஷர். பெயரைக் கொடுத்துவிட்டார்.

கன்னையா போனதும் இராஜம்மா வெளியே வந்தாள். கீரை விற்க வந்திருந்த மாரியாயியும் கூடையோடு வாசலில் நின்றாள். ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரி; கூலி ஜனங்கள் குடியிருக்கும் லயத்தில் இருப்பவள். புருஷனைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து கீரை விற்றுத்தான் பிழைக்கிறாள்.

"கிராணியய்யா, அனுப்பாதீங்கய்யா" என்றாள் மாரியாயி. "எங்க லயத்துலயும் மூணு மாசம்னுதான் சொன்னான். தீவாளிக்கு முன்ன போனவரு. ஒரு சேதி இல்ல. எங்க லயமே காலியாக் கெடக்குதுய்யா."

"அது தோட்டத்துக் கூலி ஜனங்க. கைநாட்டு. இவன் கிராணியாப் போறான். ரெண்டும் ஒண்ணா?"

மாரியாயி கீரைக்கட்டை இராஜம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். இராஜம்மா புருஷன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். வாசுவும் வாயைத் திறந்தான்.

"பாய்கிட்ட இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாம்ப்பா. இன்னொரு லோரியும் இருக்கு."

"வாய மூடு. உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்."

எது நல்லது என்று அவருக்குத் தெரியுமாம்! எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகளை இந்த ஒரு வார்த்தை குழியில் தள்ளியிருக்கிறது.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் வாசுவைத் தனியாகக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அழுக்கு வேட்டியும் கிழிந்த சட்டையுமாக நின்ற அத்தனை பேருக்கு நடுவில் அவன் ஒருவன்தான் வெள்ளைக் கோட்டில் நின்றான். மடித்துத் தைத்த கையைப் பிரித்து நீளமாக்கி, மாரியம்மன் கோயில் விபூதி பூசி, சபாபதியே மாட்டிவிட்டிருந்தார். பொத்தான்கூட அவர்தான் போட்டுவிட்டார்.

வந்து நின்றது சரக்கு ரயில். இரும்புப் பெட்டி. ஜன்னல் கிடையாது. ஆளை எண்ணி உள்ளே தள்ளிக் கொண்டியைப் போட்டார்கள். பாதி வயது ரயில்வேயில் கழித்த சபாபதி, கிராணியை எந்த ஊரில் சரக்குப் பெட்டியில் ஏற்றுவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டைக் காலம், பெட்டி கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். சீதாலெட்சுமி மட்டும் "அண்ணே, அண்ணே" என்று ரயிலோடு கொஞ்ச தூரம் ஓடினாள். இராஜம்மா ஸ்டேஷனுக்கே வரவில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. ஆறு மாதம் ஆயிற்று. சபாபதி கன்னையாவின் வீட்டுக்கு நடந்தார். முதலில் "வந்துருவாண்ணே" என்றான். பிறகு வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னான். அப்புறம் வீட்டையே மாற்றிக்கொண்டு போய்விட்டான். இராஜம்மா புருஷனுக்குச் சோறு போடுவதை நிறுத்தவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டாள். கிழங்கு வெந்தால் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளுவாள். அவ்வளவுதான். மாரியாயி வந்தால் மட்டும் இரண்டு பேரும் குழாயடியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசுவார்கள். கிராணியம்மா கீரைக்காரியோடு சரிசமமாக உட்கார்வதை இப்போது யாரும் கேட்கவில்லை.

நாற்பத்தைந்தின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் விமானம் வந்து ரயில்வே பக்கமெல்லாம் குண்டு போட்டது. ஆகஸ்டில் ஜப்பான்காரன் தோற்றான். பிறகு வெள்ளைக்காரன் வந்தான். சபாபதி எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தாரே, அந்த நாள் வந்தேவிட்டது. அவர் மகன்தான் வரவில்லை.

தீபாவளி முடிந்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் வாசு வந்தான்.

சீதாலெட்சுமிதான் முதலில் பார்த்தாள். பிச்சைக்காரன் என்று நினைத்து, இருந்த கிழங்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். இடுப்பில் சாக்கு. மேலே ஒன்றும் இல்லை. விலா எலும்பை எண்ணலாம். இடது கால் முழங்காலுக்குக் கீழே குழிவிழுந்து, வளைந்து, சீழும் ரத்தமுமாக இருந்தது. அவன் கிழங்கை வாங்கிக்கொண்டு, "பாவாடை நல்லா இருக்கு சீதா" என்றான்.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகளெல்லாம் கூடிவிட்டன.

அன்றிலிருந்து அண்ணனின் காலைத் தங்கைதான் பார்த்தாள். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கழுவி, அழுகின சதையைத் துடைத்து, துணியைக் கொதிக்கவைத்துக் கட்டுப் போட்டாள். நாற்றத்தில் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அவள் குனிந்து கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, கட்டைப் பிரித்துப் பார்த்த, மிஸி என்று எல்லாரும் கூப்பிடும் வெள்ளைக்கார நர்ஸ், யார் கட்டியது என்று கேட்டு இவளைத் திரும்பிப் பார்த்தாள். புண் ஆறியது. கால் நேராகவில்லை.

வாசு சயாமைப் பற்றிப் பேசவே இல்லை. மாரியாயி வந்து தன் புருஷன் பெயரைச் சொல்லிக் கேட்டபோது மட்டும், "நான் இருந்த எடத்துல அவரு இல்லக்கா" என்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

சபாபதி அழுதார். மகன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போது அவர் மாறிவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் மனுஷப் புத்தி அவ்வளவு சுலபத்தில் மாறுமா? வாசு தடி ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் ஒரு நாள் சாயங்காலம் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். வந்தவர் முகத்தில் பழைய வெளிச்சம்.

"வாசு, துரை திரும்பி வந்துட்டாரு! சிறையில கெடந்து இளைச்சுப் போயிருக்காரு, ஆனா என்ன மறக்கல. உன் பேரச் சொல்லியிருக்கேன். ஆபீஸ்ல எடம் இருக்காம். நான் சொன்னேன்ல, வெள்ளக்காரன் வருவான்னு?" பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளைத் துணி. எங்கே, யாரைப் பிடித்து வாங்கினாரோ. "பழைய கோட்டு எங்கயோ போச்சு. போகட்டும். புதுசாத் தச்சுக்கலாம்."

வாசு அந்தத் துணியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"பழைய கோட்டு எங்க போச்சுன்னு சொல்லவாப்பா?"

குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுப்படியில் இராஜம்மாவின் கை நின்றுவிட்டது.

"எறங்கின அன்னிக்கே ஜப்பான்காரன் வரிசையா நிக்க வெச்சான். நான் கோட்டப் போட்டுக்கிட்டு முன்னாடி போயி, கிராணின்னேன். அவன் என் கையப் புடிச்சுத் தடவிப் பாத்தான். மெத்துன்னு இருக்குன்னு பக்கத்துல இருந்தவன்கிட்டக் காட்டிக் காட்டிச் சிரிச்சான். அப்புறம் அந்தக் கையில மண்வெட்டியக் குடுத்தான். உங்க கோட்டு வீணாப் போகலப்பா. கிழிச்சுக் கிழிச்சு எத்தனையோ பேரோட புண்ணுக்குக் கட்டினேன். பாதிப் பேரக் கட்டோடதான் பொதைச்சோம்."

"வாசு..."

"இருங்க, முடிக்கல. ஒரு நாளு லோரி ரிப்பேர் தெரிஞ்சவன் கையத் தூக்குன்னான். தூக்கினேன். தைப்பிங் பையன் ஒருத்தனும் தூக்கினான். ஆளுக்கொரு எஞ்சினக் காட்டிக் கழட்டச் சொன்னான். எனக்குக் கரி போடத் தெரியும், காத்தாடி சுத்தத் தெரியும். அதுக்கு மேல தெரியல. தெரிஞ்சுக்க விடலியே நீங்க! தைப்பிங் பையன் கழட்டிக் காட்டினான். அவனுக்குக் கூடாரம், சோறு, மருந்து. ரெண்டு காலோட வீட்டுக்குப் போயிட்டான். பொய் சொன்னேன்னு ஜப்பான்காரன் என்ன அடிச்சே மறுபடியும் பாறை ஒடைக்கத் தொரத்தினான். அங்கதான் கால்ல அடி பட்டுச்சு. பாயோட கொட்டகையில ரெண்டே மாசம் விட்டிருந்தீங்கன்னா..." மேலே பேச முடியாமல் இரண்டு கைகளையும் அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். "இந்தாங்க, கையப் பாருங்க! கையக் காட்டு, கையக் காட்டும்பீங்களே!"

காய்ப்புக் காய்த்து, தோல் வெடித்து, ஒரு விரல் மடங்காமல் நின்ற கைகள். சபாபதி பார்க்க மாட்டாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"உன் நல்லதுக்குத்தான்டா நெனச்சேன்" என்றார்.

"நீங்க நெனச்சது உங்க உத்தியோகத்தப்பா. என்ன நெனைக்கல. சீதாவுக்கு இப்ப என்ன வயசு?"

"பதினாறு."

"அவ என்ன செய்யணும்னு ஆசப்படுறா?"

"அவளுக்கு என்ன இப்ப? சின்னப் புள்ள. அதுக்கெல்லாம் நே..."

பாதியில் நின்றுவிட்டது. வாய் பழக்கத்தில் திறந்தது. சொல்லித் தொலைத்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்துவிட்டது. இராஜம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்தாள். அவள் புருஷனோடு பேசி வருஷங்கள் ஆகியிருந்தன.

"சொல்லுங்க. ஏன் நிறுத்திட்டீங்க? நேரம் இருக்குன்னு சொல்லுங்க. எம்புள்ளைக்கும் நேரம் இருந்துச்சு. பத்து வயசுல பட்டறையப் பாக்கணும்னானே, அன்னிக்கு இருந்துச்சு. பாய் வந்து படியில நின்னாரே, அன்னிக்கும் இருந்துச்சு. அத்தனையும் நீங்கதாங்க உக்காந்து தின்னுத் தீத்தீங்க!"

வாசு தடியை எடுத்து ஊன்றி எழுந்தான். கோபம் அடங்கிக் குரல் களைத்திருந்தது.

"புள்ளைக்கு வேலை காட்ட எப்ப தொடங்கணும்னு கேக்குறீங்களா? புள்ள ஒரு வேலையப் பாத்து, இது என்னன்னு கேக்குதுல்ல, அன்னிக்கே தொடங்கணும். கூட்டிட்டுப் போயி காட்டணும். தொட்டுப் பாக்க விடணும். புடிக்கலைன்னா வேற ஒண்ணக் காட்டணும். நாலு வேலையத் தொட்டுப் பாத்தவன், ஒண்ணு போனா இன்னொண்ண வெச்சுப் பொழைச்சுக்குவான். நீங்க எனக்கு ஒரே ஒரு கதவக் காட்டி, அது தொறக்குற வரைக்கும் உக்காருன்னீங்க. அது தொறந்துருச்சு. நான் போக மாட்டேன்ப்பா. பாய்கிட்டச் சொல்லிட்டேன். நாளையிலேருந்து கொட்டகையில ஸ்பானர் எடுத்துக் குடுக்குற வேலை. இருபது வயசுக்கு மேல, நொண்டிக் காலோட, முதல்லேருந்து."

சீதாலெட்சுமி கதவோரம் நின்றிருந்தாள். சபாபதி அவளை நிமிர்ந்து பார்த்தார். தன் மகளிடம் இப்படி ஒரு கேள்வியை எந்தச் சொல்லில் கேட்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"நீ... உனக்கு என்னம்மா செய்யணும்னு இருக்கு?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில மிஸியாப் போகணும்ப்பா. அந்த வெள்ளக்கார மிஸி, ஆளு எடுக்குறாங்க, வந்து பாருன்னு சொன்னாங்க. அண்ணனக் கூட்டிட்டுப் போன அன்னிக்கே சொன்னாங்க."

அன்றைக்கே சொன்னார்களாம். இந்த வீட்டில் அதைச் சொல்ல அவளுக்கு இத்தனை நாள் தைரியம் வரவில்லை.

சபாபதி மடியில் கிடந்த வெள்ளைத் துணியைத் தடவினார். பிறகு, ஏதோ ஒரு வழி கிடைத்துவிட்டதுபோல, அவசரமாக அதை மகள் பக்கம் நீட்டினார்.

"மிஸிக்கு வெள்ளைக் கவுன்தான? இது போதுமா பாரும்மா. நாளைக்கே தைக்கக் குடுத்துர்றேன்."

இராஜம்மா அந்தத் துணியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"மறுபடியும் துணியில ஆரம்பிக்காதீங்க! கவுனு அப்புறம் தைக்கலாம். மொதல்ல புள்ளையக் கூட்டிட்டுப் போயி, அந்த வேலை என்னன்னு கண்ணால காட்டுங்க. ரத்தத்தப் பாக்கட்டும், சீழப் பாக்கட்டும். புடிச்சிருக்குன்னு அவ வாயால சொல்லட்டும்."

"சரி, நாளைக்குக் காலையில..."

"நாளைக்கு இல்லீங்க" என்றாள் இராஜம்மா. "செருப்ப மாட்டுங்க. இப்பவே."